புற்றுநோய் வந்தவர்களை நடக்க விடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். என்னுடைய கிளினிக் கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். 2022 பெப்ரவரியில் இடது மார்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து அந்த வருடம் முடியும் வரை கொப்பியில் எழுதியதை எல்லாம் போன கிழமை ஆறுதலாக இருந்து வாசித்தேன். நிறை, பிரெஷர், ஹீமோகுளோபின், வெள்ளை அணு, குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்), வாந்தி, வாய்ப்புண், கை வீக்கம் எல்லாம் இருக்கிறது. நித்திரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தப் பத்து மாதத்தில் ஒரு இரவாவது ஒழுங்காக நித்திரை கொண்டதாக எனக்கு நினைவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உயிர் தப்பினால் போதும் என்று வரிசையில் இருக்கிறவள், "எனக்கு நித்திரை வருகுதில்லை" என்று எப்படிப் போய்ச் சொல்வாள்? கதவுக்கு வெளியே இன்னும் அறுபது பேர் காத்திருக்கிறார்கள்.

எனக்கு வயது 61. வீடு மட்டக்களப்பு, கல்லடியில். இந்த மாவட்டத்தில் ஒரு நூலகத்தில் 29 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். புற்றுநோய் வந்தவர்களின் நித்திரையைப் பற்றியும், அதற்கு உடற்பயிற்சி, முக்கியமாக நடை, என்ன செய்யும் என்பதைப் பற்றியும் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒருவரும் கதைப்பதில்லை. நான் பட்டதையும் தேடி வாசித்ததையும் எழுதினால் யாராவது ஒருவர் என்னைவிட ஒரு வருடம் முந்தி எழும்பி நடப்பார் என்றுதான் எழுதுகிறேன்.

கீமோ எட்டுத் தடவை, 21 நாளுக்கு ஒன்று. அது மின்வெட்டுக் காலம், பெற்றோல் வரிசைக் காலம். ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் எங்களுக்கென்று இரண்டு லீற்றரைப் போத்தலில் எடுத்து வைத்திருப்பார். அந்த நன்றி சாகும் வரை எனக்கு இருக்கும். கீமோ ஏற்றிய அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் இரவு முழுக்கக் கண் கொட்டாமல் கிடப்பேன். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், மூளை மட்டும் பட்டப்பகல் போல விழித்திருக்கும். மின்வெட்டு என்றால் ஃபேனும் இல்லை, நுளம்பு வலைக்குள் வேர்த்து ஒழுகும். வாந்தி வராமல் இருக்கத் தருகிற டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை நித்திரையைக் கலைக்கும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டாம் வேளைக் குளிசையை நான் இரவுச் சாப்பாட்டோடு போட்டு வந்தேன். ஐந்தாவது தடவையில் ஒரு தாதி, "அம்மா, டொக்டரிட்டக் கேட்டிட்டு அதை மத்தியானத்தோட எடுத்து முடியுங்க" என்றார். கேட்டேன், நேரத்தை மாற்றித் தந்தார்கள். அதன் பிறகு அந்த இரவுகளில் பாதியாவது திரும்பி வந்தது. கீமோவில் இருப்பவர்கள் தங்கள் குளிசைகளை எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று ஒரு தரம் கேட்டு வையுங்கள். தாங்களாக மட்டும் மாற்ற வேண்டாம்.

மருந்து ஒரு காரணம்தான். சிகிச்சை எல்லாம் முடிந்து, வீட்டார் நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான் எனக்கு இரவு இன்னும் கெட்டது. இப்போது எடுக்கிற ஹோர்மோன் குளிசையால் நடுச்சாமத்தில் நெஞ்சிலிருந்து தலை வரை கொதித்துக்கொண்டு ஏறும், தலையணை நனைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அதே உடம்பு குளிரும். விரல் மூட்டும் முழங்காலும் உளையும். அதைவிடப் பயம். இரண்டு மணிக்கு முதுகு உளைந்தால் அதை வெறும் முதுகு உளைவு என்று மனம் எடுக்காது. எலும்புக்குப் போய்விட்டது என்றே சொல்லும். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிச் சொல்லவும் முடியாது. அவரும் இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்.

பகல் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் இரவு கெட்டதில் பாதி அங்கேதான் இருந்தது. விறாந்தையில் ஒரு கட்டில் போட்டார்கள். செங்கலடியிலிருந்து மச்சாள் வந்து மூன்று மாதம் நின்றா. நான் காலைக் கீழே வைத்தாலே ஓடி வருவா. "எழும்பாத பிள்ளை, கிட. மறுகா தலை சுத்தி விழுந்தா ஆர் பாக்கிற?" கிணற்றடிக்குப் போக விடவில்லை, தண்ணீர் வாளியில் கட்டிலுக்கு வரும். காலைக் கஞ்சிக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மூன்று மணித்தியாலம் என்று பகலில் மட்டும் ஐந்து மணித்தியாலம் படுத்திருக்கிறேன். மச்சாளில் ஒரு பிழையும் இல்லை. காய்ச்சல்காரரையும் பிள்ளைப் பெற்றவளையும் படுக்க வைத்துப் பார்த்துப் பழகிய கைகள் அவை. அவ தந்தது அன்பு. அந்த அன்பு இந்த நோய்க்கு ஏற்ற மாதிரிக் கொஞ்சம் மாற வேண்டும் என்றுதான் நான் சொல்ல வருகிறேன்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் டொக்டர் இல்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி ஒருவர். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தார். எழுபது வயது இருக்கும். வாழ்நாள் முழுக்க வெற்றிலை, புகையிலை. வாயில் கான்சர், ரேடியேஷன் முடிந்திருந்தது. (எங்கள் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாயில் வருவதுதான், பெண்களுக்கு மார்பில். அன்று அந்த வாங்கில் நாங்கள் இரண்டு பேரும் நாட்டுக் கணக்கைப் போல இருந்திருக்கிறோம்.) வாய் திறந்து கதைக்கவே அவருக்கு நோகும். ஆனாலும் கதைத்தார். "மகன்மார் மண்வெட்டிய எடுத்து ஒளிச்சு வெச்சிட்டானுகள். வேலை செய்யாத உடம்புக்கு நித்திரை எப்பிடிப் புள்ள வரும்?" அவர் மகன்மார் எழும்ப முந்தி வரம்பில் இறங்கி நடக்கத் தொடங்கியிருக்கிறார். முதல் நாள் பக்கத்து வயல் வரை. பிறகு வாய்க்கால் வரை. "நேத்து குளக்கட்டு மட்டும் போய் வந்தன். இரவு கோழி கூவினதே கேக்கல்ல."

29 வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்தவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஒன்றைச் சொன்னால் அது எங்கே எழுதியிருக்கிறது என்று தேடாமல் இருக்க முடியாது. மகனின் கணினியில் ஒரு மாதம் இருந்து தேடினேன்.

மருத்துவ ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துத் தரம் பார்க்கிற கொக்ரேன் என்ற அமைப்பு 2012 இல் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறது. சிகிச்சை முடித்தவர்களைப் பற்றியதில் 40 ஆய்வுகள், 3694 பேர். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சி செய்தவர்களைப் பற்றியதில் 56 ஆய்வுகள், 4826 பேர். உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் களைப்பு குறைந்தது, மனப்பதற்றம் குறைந்தது, நித்திரைக் குழப்பமும் குறைந்தது என்று அவற்றில் இருக்கிறது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை, ஆகவே முடிவைக் கவனமாக எடுக்க வேண்டும் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 2013 இல் அமெரிக்காவில் சிகிச்சை முடித்த 410 பேரைக் கொண்டு ஒரு ஆய்வு. அதில் பெரும்பாலானோர் என்னைப் போல மார்புப் புற்றுநோய் வந்த பெண்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான கவனிப்பு மட்டும். மற்றவர்களுக்கு அதோடு மென்மையான யோகா, கிழமையில் இரண்டு நாள், ஒரு தடவை 75 நிமிடம், நாலு கிழமை. யோகா செய்தவர்களின் நித்திரை கூடுதலாகத் தேறியது, நித்திரைக் குளிசை எடுப்பதும் குறைந்தது. 2017 இல் இன்னொன்று. நித்திரை வராத மார்புப் புற்றுநோய்ப் பெண்கள் 90 பேர். பாதிப் பேருக்கு, நித்திரையைக் கெடுக்கும் பழக்கங்களையும் யோசனைகளையும் திருத்துகிற உளவியல் பயிற்சி. மீதிப் பேருக்குத் தாய் சீ என்ற சீனத்து மெல்லிய அசைவுப் பயிற்சி. 15 மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பகுதியில் 43.7 வீதம் பேருக்கும் இரண்டாவதில் 46.7 வீதம் பேருக்கும் நல்ல மாற்றம். கிட்டத்தட்டச் சமம்.

இந்த உளவியல் பயிற்சியைத்தான், நாள்பட்ட நித்திரையின்மை உள்ள எல்லா வயதுவந்தோருக்கும் குளிசைக்கு முதல் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 இல் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை. ஒழுங்கையும் கடற்கரையும் எல்லோருக்கும் இருக்கிறது. நான் நடையைப் பற்றிக் கொண்டது அதனால்தான்.

எவ்வளவு நடப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பல நாட்டு நிபுணர்கள் கூடி 2019 இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டியது. களைப்பு, மனச்சோர்வு, பதற்றம் இவற்றுக்குக் கிழமையில் மூன்று நாள், 30 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவு பயிற்சி போதும், அதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது என்றார்கள். நித்திரைக்கு ஆதாரம் நடுத்தரம். கிழமையில் மூன்று நாலு நாள், 30 முதல் 40 நிமிடம், மூன்று மாதம் அளவில் செய்தால் பலன் தெரியும், அதிலும் நடை நல்லது. நடுத்தரம் என்ற சொல்லை நான் மறைக்க மாட்டேன். நித்திரை எப்படி என்று ஆட்களிடம் கேட்டால் தேறியது என்கிறார்கள், கையில் கட்டுகிற கருவியால் அளந்தால் அந்த மாற்றம் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. எனக்கு ஆட்கள் சொல்வது முக்கியம். காலையில் எழும்பும்போது "நித்திரை கொண்டேன்" என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, சொல்ல முடியாமல் இருந்தவர்களுக்குத் தெரியும்.

2023 பெப்ரவரி, மாரி மழை ஓய்ந்திருந்தது. டொக்டரிடம் கேட்டேன், நடக்கலாம் என்றார். முதல் நாள் எங்கள் வளவுக்குள்தான். படலையிலிருந்து கிணற்றடி வரை 34 எட்டு. பத்துத் தரம் போய் வந்தேன். முழங்கால் நடுங்கியது, மா மரத்தடியில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். மச்சாள் வாசலில் நின்று பார்த்தபடியே இருந்தா. இரண்டாம் கிழமை ஒழுங்கை முனை வரை. நாலாம் கிழமை கடற்கரை. ஏழாம் கிழமை கல்லடிப் பாலம். 1924 இல் கட்டிய அந்தப் பழைய பாலத்தைச் சின்ன வயதில் எத்தனை ஆயிரம் தரம் கடந்திருப்பேன், ஒரு தரமும் அதன் நீளத்தை நினைத்ததில்லை. அன்று நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கீழே தோணியில் வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, தனியவா?" என்றார். தனியத்தான் வந்தேன் என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்தது.

ஒரு ஒற்றை றூள் கொப்பியில் நாலு விஷயத்தை மட்டும் எழுதி வந்தேன். படுத்த நேரம், நித்திரை வந்திருக்கும் என்று நினைக்கிற நேரம், எழும்பிய நேரம், பகலில் படுத்தது எவ்வளவு. முதல் கிழமையில் இரவு ஒன்பதரைக்குப் படுத்து ஒரு மணி அளவில்தான் கண் மூடியிருக்கிறேன். பன்னிரண்டாவது கிழமையில் பத்தரைக்குப் படுத்துப் பதினொன்றுக்கு முந்தி நித்திரை. பகல் படுக்கை ஐந்து மணித்தியாலத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்கு வந்தது. நடுச்சாமத்துச் சூடு இன்னும் வருகிறது, இன்றைக்கும் எழும்புகிறேன். முந்தி எழும்பினால் விடியும் வரை கிடப்பேன், இப்போது முகத்தைக் கழுவிப்போட்டுப் படுத்தால் கால் மணித்தியாலத்தில் கண் இழுத்துக்கொண்டு போகும். இது ஒருத்தியின் கொப்பி. கீமோ முடிந்து மாதங்கள் போனதும் உதவியிருக்கும். ஆனால் மழைக்கு இரண்டு கிழமை நடக்காமல் இருந்தபோது எழுதியதும் அதே கொப்பியில் இருக்கிறது. அந்த இரண்டு கிழமையும் பன்னிரண்டரை, ஒரு மணி என்றுதான் இருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு நான் விளங்கிக்கொண்டது இது. விழித்திருக்கிற நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அதுதான் இரவில் கண்ணை இழுக்கும். பகலில் கிடந்து கிடந்து நித்திரை கொண்டால் அது கரைந்து போகும், இரவுக்கு மிச்சம் இருக்காது. இரண்டாவது வெளிச்சம். மூளைக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது, அதைக் காலை வெளிச்சம்தான் நேரத்துக்கு வைக்கிறது. எந்த நேரத்தில் மெலற்றொனின் என்ற நித்திரை ஹோர்மோன் சுரக்க வேண்டும், எந்த நேரத்தில் உடம்பு குளிர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். நான் ஒரு வருடம் விறாந்தை நிழலில் கிடந்தேன், என் மணிக்கூட்டுக்கு விடிந்ததே தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் வாவிக்கு இந்தப் பக்கத்தை எழுவான்கரை என்கிறோம், அந்தப் பக்கத்தைப் படுவான்கரை என்கிறோம். பொழுது எழுகிற கரை, பொழுது படுகிற கரை. கல்லடியிலிருந்து பட்டினத்துப் பக்கம் நடக்கும்போது வெயில் முதுகில் இருக்கும். திரும்பி வரும்போது கடலுக்கு மேலே எழும்பிய பொழுது முகத்துக்கு நேரே நிற்கும். அந்த இருபது நிமிட வெளிச்சத்தை நான் மருந்தாகவே எடுக்கிறேன்.

மூன்றாவது, கட்டில். விழித்துக்கொண்டு கிடந்து பயப்படுகிற இடமாகக் கட்டிலைப் பழக்கிவிட்டால், படுத்த உடனே உடம்புக்கு அந்தப் பயம்தான் நினைவுக்கு வரும். நடக்கப் போனால் அந்தளவு நேரமாவது கட்டிலை விட்டு எழும்பியிருப்போம்.

இனி, கவனிக்க வேண்டியவை. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனென்றால் என் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் விழக் கூடாது. எலும்புக்குப் பரவியவர்கள் எந்த அசைவு சரி என்று வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்காமல் தொடங்கக் கூடாது, எலும்பு முறியலாம். காய்ச்சல் என்றால் நடை இல்லை, உடனே வைத்தியசாலை. கீமோ நேரத்தில் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. குருதிச் சிறுதட்டு மிகவும் குறைந்திருந்தால், ஹீமோகுளோபின் குறைந்து தலை சுற்றினால், நெஞ்சு நொந்தால், இருந்தபடியே மூச்சு வாங்கினால் அன்று வேண்டாம். சில கீமோ மருந்துகளால் கால் விரல் விறைக்கும். எனக்கு விறைத்தது. விறைத்த காலோடு வெறுங்காலில் கடற்கரை மணலில் நடந்தால் சிப்பி வெட்டினாலும் தெரியாது, சீனி வருத்தமும் இருந்தால் இன்னும் ஆபத்து. செருப்போ சப்பாத்தோ பின்னால் வார் பிடிக்கிறதாகப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற வெக்கையான மாதங்களில் ஏழு மணிக்கு முந்தி வீடு வந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் விறாந்தையில் நடக்கலாம். கிளினிக்கில் பழக்கமான காத்தான்குடித் தங்கச்சி ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி 30 நிமிடம் நடக்கிறார். அதுவும் நடைதான்.

மார்பில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு, கையை அசைத்தால் வீங்கிவிடும் என்று. எனக்கும் ஒரு வாளி தூக்க ஒரு வருடம் பயம். 2009 இல் கை வீக்கம் இருந்த 141 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வில், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, உபாதைதான் குறைந்தது. கிழமையில் இரண்டு தடவை, ஆட்கள் கூட நின்று பழக்கினார்கள், கைக்கு இறுக்கமான உறையும் போட்டார்கள். நாங்களும் அப்படி ஒழுங்காகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

எனக்குக் கவலை ஒன்று இருக்கிறது. கீமோ நேரத்திலேயே மெல்ல மெல்ல நடந்திருக்கலாம். அந்த 4826 பேரில் பயிற்சிப் பகுதியில் இருந்தவர்கள் சிகிச்சைக்குள்ளேயே செய்திருக்கிறார்கள். நான் எல்லாம் முடியட்டும் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். காத்திருக்கச் சொன்னது நோய் இல்லை.

பெண்களுக்கு வேறொரு தடையும் இருக்கிறது. "இவவுக்கு வருத்தம் என்டாங்க, ரோட்டில நடந்து திரியிறா" என்று ஒருவர் கதைத்தது என் காதுக்கே வந்தது. தலைமயிர் அப்போது ஒரு விரற்கடைதான் வளர்ந்திருந்தது. கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டு போகிற பெண்கள் எனக்குத் தெரியும், சுவாமிக்கும் அதில் கோபம் இருக்காது. ஆனால் நான் மாற்றிச் சொல்வதில்லை. கேட்டால், நடக்கப் போகிறேன், நடந்தால்தான் நித்திரை வருகிறது என்று சொல்வேன். அப்படிச் சொன்னதால்தான் எங்கள் ஒழுங்கையில் பெருங்குடலில் சத்திரசிகிச்சை செய்த ஒரு அம்மா படலையைத் திறந்து, "நானும் வரட்டா பிள்ளை" என்று கேட்டா. அவ தலையணைக்குக் கீழே ஒரு அட்டை நித்திரைக் குளிசை இருந்தது. அவவுடையதும் இல்லை, தங்கச்சியிடம் வாங்கியது. இப்படிக் கைமாறும் குளிசைகள் எங்கள் வீடுகளில் எத்தனை இருக்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. வயது போனவர்கள் அதைப் போட்டுவிட்டு இரவில் மலகூடத்துக்கு எழும்பி விழுந்தால் என்ன செய்வது? அவ டொக்டரிடம் காட்டி, அவர் சொன்னபடி மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறா. அவவுக்காக நாங்கள் நடக்கிற வழியையே மாற்றினோம். நடுவில் ஒரு மலகூடம் வேண்டும், அவவின் மகள் வீடு அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

இதிலிருந்து நான் கேட்கிறது. புற்றுநோய்க் கிளினிக் நடத்துகிற வைத்தியர்களும் தாதிமாரும், எந்த வைத்தியசாலையாக இருந்தாலும், கொப்பியில் நிறை எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் "நித்திரை எப்படி?" என்று ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்கு நேரம் இல்லை என்று தெரியும், உங்கள் சாப்பாட்டு நேரத்தை நாங்கள் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன். கேட்க அரை நிமிடம் போகும். நடக்கலாமா, எவ்வளவு, எது கூடாது என்பதைத் துண்டில் எழுதித் தந்தால் அதை நாங்கள் வீட்டில் காட்டுவோம். என் மச்சாள் கடைசியில் அடங்கியது டொக்டரின் கையெழுத்தைப் பார்த்துத்தான்.

உள்ளூராட்சிக்காரரிடம் கேட்பது பெரிய செலவில்லாதது. நடைபாதை என்றால் நீளமாகக் கல் பதிப்பதைத்தான் யோசிக்கிறார்கள். நோயாளிக்கு முதலில் வேண்டியது வாங்கு. ஐந்து நிமிடம் நடந்தால் இருக்க ஒரு இடம், அதற்கு மேலே நிழல். அது இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த ஐந்து நிமிடத்துக்குத் துணிவு வரும். ஒழுங்கைகளில் எரியாத விளக்குகளையும் கட்டாக்காலி நாய்களையும் பாருங்கள். வெள்ளன நடக்கப் போன ஒரு பெண்ணை நாய் துரத்தி அவ விழுந்த பிறகு எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் வருவதில்லை.

வீட்டாரிடம் கேட்பது ஒன்றுதான். படுக்கச் சொல்கிற நேரத்தில் பாதியை எடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு கூட வாருங்கள். மச்சாள் ஊருக்குத் திரும்பும் முந்தின பின்னேரம் என்னோடு பாலம் வரை வந்தா. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்தது அவதான், அவவுக்குத்தான் முழங்கால் நோ.

நாங்கள் இப்போது ஐந்து பேர். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குப் பழைய பாலத்தின் கல்லடிப் பக்கத்தில் நிற்போம். ஆறு மணி வரை பார்ப்போம், பிறகு நடக்கத் தொடங்குவோம். மிகவும் ஆறுதலாகத்தான் நடக்கிறோம். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்போம். என் கையில் நீல நிறக் குடை இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலக உதவியாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.